பந்தாட்டத்தில் நம்ம சாமைக்கு ஒரு போர்டு



ஊர்ப் பசங்க ஃபுட்பால் போட்டிக்குப் பணம் கேட்டு வந்தா குழு என்ன செய்யறது? நன்கொடை வேறு, விளம்பரம் வேறு. விளம்பரம்னா, கொடுத்த காசுக்கு நம்ம பேர் பனியனிலோ மைதானத்து போர்டிலோ வரணும். கேரளாவில் மலப்புரம் பக்கம் ஏழு பேர் ஆடும் பந்தாட்டத்தில் டீம் பேரே 'சூப்பர் ஸ்டுடியோ', 'ராயல் டிராவல்ஸ்' என்றுதான் இருக்கும். (2006-ல் பார்சிலோனா கிளப் யுனிசெஃப் பேரைச் சட்டையில் போட்டு, பணத்தையும் தானே கொடுத்தது. நமக்கு அப்படி யாரும் தரமாட்டாங்க!)

ஜவ்வாதுமலைச் சாமை, தேன் விற்கிற குழுவுக்கு இது உதவும். விற்கப் பொருள் இல்லாத குழுவுக்கு வீண் செலவு என்றே நாங்கள் நினைக்கிறோம். போர்டு எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்க. சேமிப்பைத் தொடாதீங்க, தொழில் லாபத்திலிருந்து, தீர்மான நோட்டில் எழுதிக் கொடுங்க. பணத்துக்குப் பதில் ஆடுற பசங்களுக்குச் சாமைக் கஞ்சி தந்து, மைதானத்திலேயே கடை போட இடம் கேட்கலாம். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கட்டும்.