சீனரின் தாய் சிப் பயிற்சி

சீன மொழியிலே "தாய் சி" என்னுந் தொடரின் ஈற்றுச் சொல் ஆதியில் வீட்டின் முகட்டு வளையைக் குறித்தது. கூரையின் இருபுறச் சாய்வும் வந்து கூடும் உச்சி அதுவாதலின், யாவற்றுக்கும் மேலான எல்லை என்னும் பொருளை அஃது ஏற்றது. இன், யாங் என்னும் இருமை அவ்வெல்லையினின்றே தோன்றும் என்பது சீன ஞானியர் கொள்கை. "தாய் சிச் சுவான்" எனும் முழுப்பெயரில் வரும் "சுவான்" என்பதற்கு முட்டி என்பது பொருள். முதியோர் பூங்காக்களில் மெல்லெனச் செய்யும் இவ்வப்பியாசம் பிறப்பாற் போர்க்கலையே என்பதை அதன் பெயரே காட்டிவிடுகின்றது.

ஊடாங் மலையில் வாழ்ந்த சாங் சான்பெங் என்னுந் தாவோ துறவி, பாம்பும் பறவையும் பொருதலைக் கண்டு இதனை வகுத்தார் என்பர். கதை அழகியது, வரலாற்றாசிரியரோ அதனை ஏற்பதில்லை. சான்றுகள் நம்மை ஹெனான் மாகாணத்துச் சென்சியாகோ கிராமத்துக்கே கொண்டு செல்கின்றன. அங்கே 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் இதனைத் தொடக்கினார் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அக்கிராமத்திற் கற்ற யாங் லூசான் (1799–1872) பீக்கிங் நகரிற் பரப்பினார். அவர் பெயரர் யாங் செங்பூ (1883–1936) இன்று எங்குங் காணப்படும் அகன்ற, சீரான நடையை நிலைநிறுத்தினார். சீ கொங் எனப்படும் மூச்சுப் பயிற்சியின் பெயர் பரவியது 1950களிலேதான். பொருளோ மிகப் பழையது. மவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பட்டபோது, பயிற்சி செய்யும் 44 உருவங்கள் தீட்டிய பட்டுத்துணி கிடைத்தது.

கற்பார்க்கு முதலில் வேண்டுவது அசைவுகளின் வரிசையை மனத்திற் பதித்தல். 1956இல் வகுக்கப்பட்ட 24 அசைவுச் சுருக்க வடிவம் சில மாதங்களிற் கைகூடும். கைகூடியதும் பலர் கலை முழுதும் வந்துவிட்டதென எண்ணி வேறொரு வடிவத்தைத் தேடிச் செல்வர். இவ்வாறு பத்துக் கற்றும் ஒன்றிலும் ஆழாதவர் மிகப் பலர்.

ஆழ்தலின் முதற்படி "சுங்" எனப்படும் நெகிழ்வு. இது சோர்வன்று. தோள், முழங்கை, இடுப்பு ஆகிய மூட்டுக்களில் வேண்டாத இறுக்கம் நீங்க, உடற்பாரம் தடையின்றிப் பாதத்துக்கு இறங்குதலேயாம். அடுத்தது வெறுமை, நிறைவு என்னும் வேறுபாடு. பாரந் தாங்கிய கால் நிறைவுடையது, மற்றது வெறுமையுடையது. வெறுங் காலே அடியெடுத்து வைக்கத் தக்கது. முழங்கால் பாதவிரல் நோக்குந் திசையிலேயே மடிதல் வேண்டும். பாரந் தாங்கிய காலை முறுக்கித் திரும்புவோர் நாளடைவில் முழங்கால் நோவுக்கு ஆளாவர். நலம் நாடி வந்தவர் நோயோடு மீளும் இவ்வவலத்துக்குக் காரணம் கலையன்று, திருத்துவாரில்லாத பயிற்சியே. கண்ணாடி புறவடிவைக் காட்டும். இடுப்பின் இறுக்கத்தை ஆசிரியர் கையே அறியும்.

இன்னும் ஆழஞ் செல்ல விரும்புவோர்க்குக் கூறப்படும் வழி, வியப்பாக, அசையாது நிற்றலாகும். மரமொன்றை அணைப்பார் போலக் கைகளை மார்பளவில் வளைத்து, முழங்காலைச் சிறிது மடித்து நிற்றல் "சான் சுவாங்" எனப்படும். ஐந்து நிமிடங் கழியுமுன் தோள் கனக்கும், தொடை நடுங்கும். பல்லைக் கடித்துப் பொறுப்பவன் பயன் பெறுவது சிறிதே. எத்தசை வீணே உழைக்கின்றதெனத் தேடி அதனைத் தளர்த்துபவனே முன்னேறுகின்றான். மூச்சும் அத்தகையதே. நம்மவர் பிராணாயாமத்திலே பூரகம், கும்பகம், இரேசகம் மூன்றும் மாத்திரை கணித்துச் செய்யப்படும். தாய் சி ஆசிரியர் பெரும்பாலோர் மூச்சை அடக்கச் சொல்வதில்லை; வயிறு தளரத் தளர அது தானே நீளும் என்பர். "வூ வெய்", அஃதாவது வலிந்து செய்யாமை, என்னுந் தாவோ கொள்கை இங்கே உடலின் அநுபவமாகின்றது.

சீ கொங்கினால் தொலைவிலிருந்தே நோய் தீர்ப்போம் என 1980களிற் சீனாவில் எழுந்த ஆரவாரம் கலைக்குப் பெருமை தந்ததில்லை. அடக்கமான ஆய்வுகளே அதனைத் தந்தன. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளர் 195 பேரிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், வாரம் இருமுறையாக 24 வாரம் தாய் சி பயின்றவரின் உடற்சமநிலை சிறந்து காணப்பட்டது.

தன் நெகிழ்வு மெய்யோ பொய்யோ எனத் தானே அறிதல் அரிது. அதற்கென அமைந்தது "துய் சௌ" எனும் கைதள்ளும் பயிற்சி. இருவர் எதிரெதிர் நின்று மணிக்கட்டைத் தொட்டபடி ஒருவரையொருவர் மெல்லத் தள்ளுவர். எதிர்த்து விறைப்பவன் நிலை குலைவான். பின்வாங்கித் துவள்பவனும் அவ்வாறே. தொடர்பை விடாது, இடுப்பைத் திருப்பி, வரும் விசையைப் போகவிடுதல் வேண்டும். பன்முறை தள்ளுண்டு, எங்கே இறுகினோம் என்பதைக் கண்டுகொண்ட மாணாக்கன், தான் முன்னரே முடித்துவிட்டதாக எண்ணிய வடிவத்தின் முதலசைவுக்கு மீள்கின்றான்.