பாடம் நடத்தும் கட்டடம்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஓபர்லின், ஒரு கல்லூரியைச் சுற்றி வளர்ந்த சிற்றூர். அக்கல்லூரியில் 2000-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் கல்விக்கென ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் என்ற இரண்டு அடுக்குக் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது. பரப்பளவு சுமார் 13,600 சதுர அடிதான். ஆனால், பசுமைக் கட்டடம் ஒரு கல்வி நிலையத்தில் என்ன பணியாற்ற முடியும் என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அந்தச் சிறிய கட்டடத்தின் வரலாற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அதன் பின்னணியில் இருந்தவர் பேராசிரியர் டேவிட் ஓர். கல்லூரிக் கட்டடம் ஒவ்வொன்றும், அதற்குள் நடத்தப்படும் பாடத்துக்கு அப்பால், தானும் ஒரு பாடத்தை நடத்திக்கொண்டே இருக்கிறது என்பது அவரது கருத்து. நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, குழல்விளக்குகளை எரியவிட்டு, எரிசக்திச் சிக்கனம் பற்றி வகுப்பெடுத்தால் மாணவர் மனதில் பதிவது விரிவுரை அல்ல, எரியும் விளக்குதான்.

கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டொனா தலைமையில் மையம் வடிவமைக்கப்பட்டபோது மாணவர்களும் ஊர் மக்களும் கலந்தாலோசிக்கப்பட்டனர். கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன. பூமிக்குள் ஆழமாகத் துளையிட்டு, அங்கு நிலவும் சீரான வெப்பநிலையைக் கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பூட்டவும் பயன்படுத்தினர். கழிவுநீர், கண்ணாடிக் கூடம் ஒன்றில் தாவரங்களும் நுண்ணுயிரிகளும் நிறைந்த தொட்டிகள் வழியே சுத்திகரிக்கப்பட்டது. அதைப் பராமரிப்பதில் மாணவர்களும் பங்கேற்றனர். தரைவிரிப்புகூட விலைக்கு வாங்கப்படாமல் வாடகை முறையில் பெறப்பட்டது. தேய்ந்தவுடன் திருப்பித் தரலாம். தயாரித்த நிறுவனமே மறுசுழற்சி செய்துகொள்ளும். பொருளை விற்பதைவிட அதன் பயனை விற்பது உற்பத்தியாளரின் ஊக்குவிப்பை எப்படி மாற்றுகிறது என்பதை விளக்க, பொருளியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதுவரை சொன்னவை எந்த விளம்பரக் கையேட்டிலும் இடம்பெறக் கூடியவை. அந்தக் கட்டடம் உண்மையான ஆய்வுக்கூடமாக மாறியது ஒரு சர்ச்சையில்தான்.

அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட், கட்டடத்தின் மின் நுகர்வைத் தாமே அளந்து பார்த்தார். வடிவமைப்பின்போது எதிர்பார்க்கப்பட்டதைவிட அது கணிசமாக அதிகமாக இருந்தது. குளிர்காலத்தில் இயங்கிய மின் கொதிகலன் பெருமளவு மின்சாரத்தை விழுங்கியது. தமது முடிவுகளை அவர் 2002-இல் ஆய்விதழில் வெளியிட்டார். கல்லூரியின் பெருமைக்குரிய கட்டடத்தைச் சக பேராசிரியரே கேள்வி கேட்பது எந்த வளாகத்திலும் இனிமையான அனுபவம் அல்ல. கருத்து மோதல் நீண்டகாலம் தொடர்ந்தது.

அமெரிக்க அரசின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமும் கட்டடத்தை விரிவாக அளந்து அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாட்டு முறைகள் திருத்தப்பட்டன. மின் கொதிகலனைச் சார்ந்திருப்பது குறைக்கப்பட்டது. கூரைத் தகடுகளால் தேவையில் ஏறத்தாழ பாதியை மட்டுமே ஈடுசெய்ய முடிந்ததால், 2006-இல் வாகன நிறுத்துமிடத்தின் மீது 100 கிலோவாட் திறனுள்ள மின்தகடுகள் கூடுதலாக அமைக்கப்பட்டன. குறை வெளிச்சத்துக்கு வராமல் இருந்திருந்தால் இவற்றில் எத்தனை நடந்திருக்கும்?

அளவீட்டுப் பழக்கம் அந்த ஒரு கட்டடத்தோடு நிற்கவில்லை. பேராசிரியர் ஜான் பீட்டர்சனும் மாணவர்களும், மின்சாரம், தண்ணீர் நுகர்வை உடனுக்குடன் திரையில் காட்டும் முறையை உருவாக்கி, 2005-இல் மாணவர் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரச் சிக்கனப் போட்டியை நடத்தினர். மின் நுகர்வு 32 சதவீதம் குறைந்தது. தண்ணீர் நுகர்வு 3 சதவீதம் மட்டுமே குறைந்தது. விடுதி மாணவர் மின் கட்டணம் செலுத்துவதில்லை. சேமித்தால் அவர் பைக்கு ஒரு காசும் வராது. விலை என்ற சமிக்ஞை இல்லாத இடத்தில் தகவலும் போட்டி உணர்வும் இந்த அளவுக்கு வேலை செய்திருப்பது, எங்கள் துறைப் பாடநூல்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய செய்தி. இரண்டு வாரச் சிக்கனம் இரண்டு ஆண்டுகள் நீடிக்குமா என்பது வேறு கேள்வி. தண்ணீரில் கிடைத்த சொற்பப் பலனையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் மற்ற எண்ணையும் நம்ப முடிகிறது.

இந்தியாவுக்கும் இத்துறையில் முன்னோடி உண்டு. ஹைதராபாதில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், 2004 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. அமெரிக்காவின் 'லீட்' தரமதிப்பீட்டில் மிக உயர்ந்த பிளாட்டினம் தகுதியை, அந்நாட்டுக்கு வெளியே முதன்முதலாகப் பெற்ற கட்டடம் அது. திறந்த முற்றம், காற்றுக் கோபுரம், புல் போர்த்திய கூரை என நம் தட்பவெப்பத்துக்கேற்ற பழைய உத்திகளைப் புதிய தொழில்நுட்பத்தோடு இணைத்துக் காட்டியது. பின்னர் நாடெங்கும் எழுந்த பசுமைக் கட்டடங்களுக்கு அது ஒரு பயிற்சிக் களமாகவும் விளங்கியது.

ஆனால், புதிய கட்டடங்களுக்கான பசுமைத் தரச்சான்று பெரும்பாலும் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் பார்த்து வழங்கப்படுகிறது. குடியேறிய பின் எவ்வளவு செலவாகிறது என்பது வேறு கணக்கு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் நட்சத்திரக் குறியீடு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவானது என்ற உண்மை நுகர்வின் அடிப்படையிலானது. கல்வி நிறுவனங்களுக்கு அந்த அணுகுமுறையே பொருத்தமானது என்பேன்.

நம் கல்லூரிகளில் தேசிய மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் பசுமைத் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை அறிக்கைகள் தயாராகின்றன. வெளி முகமைக்குப் பணம் கொடுத்து வாங்கிய அறிக்கை கோப்பில் அமர்ந்துகொள்கிறது. நான் பணியாற்றிய நாள்களில், மாதாந்திர மின் கட்டணப் பட்டியல் அலுவலகக் கணக்கரின் மேசையைத் தாண்டி எந்த வகுப்பறைக்கும் வந்ததாக நினைவில்லை.

அந்தப் பட்டியலே ஒரு பாடநூல். உயரழுத்த மின் இணைப்புள்ள கல்லூரி, செலவழித்த யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, மாதத்தில் எப்போதோ சில நிமிடங்கள் எட்டிய உச்சத் தேவையைப் பொருத்தும் கட்டணம் செலுத்துகிறது. எல்லாக் குளிர்சாதனங்களும் ஒரே நேரத்தில் இயங்கிய அந்த நண்பகலைக் கண்டுபிடிப்பது இயற்பியல் மாணவருக்கு ஒரு பயிற்சி. அதைத் தவிர்த்தால் மிச்சமாகும் தொகையையும், மின்தகடுகளுக்கான முதலீடு எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பதையும் கணக்கிடுவது பொருளியல் மாணவருக்கு. புதிய கட்டடத்துக்கு நிதி ஒதுக்கப்படும் வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதிருக்கும் கட்டடங்களுக்குத் தனித்தனி மின்மானி பொருத்தி, மாத நுகர்வை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எண்கள் வெளியானால், எந்தத் துறை அதிகம் செலவழிக்கிறது என்ற வாக்குவாதம் ஆசிரியர் அறையில் அடுத்த நாளே தொடங்கிவிடும்.