சரண்ஜித் சிங் (1940–2015)

பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் கிட்டாரும் சின்தசைசரும் வாசித்த பக்கவாத்தியக் கலைஞர். 1982-இல் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அவற்றுள் பூபாலி நம் கர்நாடக இசையின் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம்.

அதில் ஒலித்த கருவிகள் மூன்றும் ரோலண்டு நிறுவனத்தவை: தாளத்துக்கு டிஆர்-808, மெட்டுக்கு ஜூபிடர்-8, கீழ்ச்சுருதிக்கு டிபி-303. இந்த மூன்றாவது கருவி சுரம் விட்டுச் சுரம் வழுக்கிச் செல்லும். ராகத்துக்கு அந்த இழைவே உயிர். சிகாகோவின் 'ஆசிட் ஹவுஸ்' நடன இசை இதே டிபி-303-ஐக் கொண்டு 1987-இல்தான் தட்டில் வந்தது. சரண்ஜித் முந்திக்கொண்டவர்.

அன்று தட்டு விற்கவில்லை. நெதர்லாந்தின் இசைத்தட்டு சேகரிப்பாளர் எடோ போமன் 2002-இல் அதைக் கண்டெடுத்து, 2010-இல் மறுபதிப்பு செய்தார். உலகெங்கும் ரசிகர்கள் சேர்ந்தனர். எழுபதைக் கடந்த வயதில் ஐரோப்பிய மேடைகளில் சரண்ஜித் அதே ராகங்களை வாசித்தார்.