கறிக்கோழி வளர்ப்பில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்

சித்தூர் நகருக்கு அண்மையில், பாகுதா ஆற்றங்கரையில் உள்ள காணிப்பாக்கம் விநாயகர் திருக்கோயிலால் புகழ் பெற்ற ஊராகும். அதனைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் உழவர் குடும்பங்களுக்குக் கைகொடுப்பவை கறவை மாடுகளும் கோழிப் பண்ணைகளுமே. திருப்பதியில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, 2005-இல் உருவான ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்று இயங்கி வருகிறது. இத்தகைய பகுதியில் கறிக்கோழி வளர்ப்போர் முன் நிற்கும் வினா ஒன்று உண்டு. தீவனத்தில் ஆண்டிபயாடிக் மருந்தைக் கலக்காமல் கோழிகளை நலமாக வளர்க்க இயலுமா என்பதே அது.

தாயில்லாக் குஞ்சு

நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னால் திரிந்து மண்ணைக் கிளறி உண்கிறது. அப்போதே தாயின் குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அதன் வயிற்றைச் சென்றடைகின்றன. பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரிக்கப்படும் கறிக்கோழிக் குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ள அக்குஞ்சின் குடல், ஆள் குடியேறாத வீட்டைப் போன்றது. முதலில் நுழைவது சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமியாயின், அதுவே அங்கு நிலைபெற்றுவிடும்.

இவ்வுண்மையைப் பின்லாந்து நாட்டு அறிஞர்களான நுர்மி, ரந்தாலா ஆகியோர் 1973-இல் ஆய்வின் மூலம் நிறுவினர். வளர்ந்த கோழிகளின் குடலில் உள்ள பொருளைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லா அவற்றின் குடலில் எளிதில் வேரூன்றவில்லை. நல்லன முந்திக்கொண்டால் தீயனவற்றுக்கு இடமில்லை என்பதே இதன் கருத்து.

செயற்படும் முறை

'புரோபயாடிக்' எனப்படுவது, போதிய அளவில் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணுயிராகும். கோழித் தீவனத்தில் லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகிய பாக்டீரியங்களும், சாக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்ட் வகையும் பெரும்பாலும் பயன்படுகின்றன. லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து குடலின் புளிப்புத் தன்மையை மிகுவிக்கின்றன; அந்நிலை நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு ஒவ்வாதது. மேலும் குடற்சுவரில் கிருமிகள் ஒட்டக்கூடிய இடங்களை இவை நிரப்பிக்கொள்கின்றன; நோய் எதிர்ப்பு ஆற்றலையும் தூண்டுகின்றன. குடல் நலமாக இருப்பின் உண்ட தீவனம் நன்கு செரித்து உடலில் சேர்கிறது.

இதன் பொருளாதாரப் பயன் சிறிதன்று. கறிக்கோழி உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே செல்கிறது. எடுத்துக்காட்டாக, 2 கிலோ எடையை அடைய 3.4 கிலோ தீவனம் உண்ணும் கோழி, 3.3 கிலோவிலேயே அவ்வெடையை எட்டுவதாகக் கொள்வோம். 5,000 கோழிகள் உள்ள பண்ணையில் ஒரு தொகுதிக்கு 500 கிலோ தீவனம் மீதமாகும். ஒப்பந்த முறையில் வளர்க்கும் சிறு பண்ணையாளரின் கூலியும் பெரும்பாலும் தீவனச் செலவையும் இறப்பு எண்ணிக்கையையும் பொறுத்தே அமைகிறது.

மாற்று ஏன் தேவை?

சிறு அளவில் ஆண்டிபயாடிக் கலந்த தீவனம் கோழிகளின் வளர்ச்சியை விரைவுபடுத்துவது பல ஆண்டுகளாக அறிந்ததே. ஆயின் அவ்வழக்கத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை மனிதரையும் வந்தடைகின்றன. சுவீடன் 1986-இல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது. மனிதருக்குக் கடைசிக் காப்பாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

கவனிக்க வேண்டியவை

புரோபயாடிக் உயிருள்ள பொருள் என்பதை மறத்தலாகாது. குளோரின் கலந்த குடிநீரில் இட்டால் நுண்ணுயிர்கள் மடியக்கூடும். ஆண்டிபயாடிக் மருந்துடன் சேர்த்துக் கொடுப்பின் பயன் குன்றும். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது ஏற்படும் வெப்பத்தை லாக்டோபேசில்லஸ் தாங்குவது அரிது; வித்து நிலையில் உள்ள பேசில்லஸ் அதனைத் தாங்கும். குஞ்சுகள் பண்ணைக்கு வந்த முதல் நாளிலேயே கொடுப்பது சிறந்தது. வாங்கும்போது உறையில் நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் உள்ள எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். வெயிலில் வைக்காது, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் சேமித்தல் வேண்டும்.

ஆய்வு முடிவுகள் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. நுண்ணுயிரின் வகை, அளவு, பண்ணையின் தூய்மை ஆகியவற்றுக்கேற்பப் பயன் கூடும் அல்லது குறையும். இராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசிக்கு இது மாற்றாகாது. ஈரமான கூளத்தையும் நெரிசலான கொட்டகையையும் எந்தப் பொடியும் ஈடுசெய்யாது.

விரிவாக்கப் பணியாளர்கள் பண்ணையாளருக்கு எடுத்துரைக்க வேண்டிய செய்தி இதுவே. உலர்ந்த கூளம், தூய நீர், காற்றோட்டம், உரிய காலத்தில் தடுப்பூசி ஆகிய நான்கும் அடித்தளம். புரோபயாடிக் அதன்மேல் எழுப்பும் சுவர். அடித்தளம் உறுதியாக அமைந்த பண்ணையில், ஆண்டிபயாடிக் மருந்து நோயுற்ற கோழிக்கு மருத்துவர் அறிவுரைப்படி மட்டுமே தேவைப்படும். அவ்வாறு காக்கப்படும் மருந்து, மனிதருக்குத் தேவைப்படும் நாளிலும் வலிமை குன்றாது பயன்படும்.