துப்பறியும் கதை பிறக்கும் விதம்



சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூரில் நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளிக்கு ஒரு தந்தை வந்தார். ஒரு கையில் மகன். மறு கையில் அட்டை கிழிந்த ஒரு துப்பறியும் நாவல். "ஐயா, பாடத்தை விட்டுட்டு இந்தக் கொலைக் கதையைப் படிக்கிறான். நீங்களே கேளுங்க" என்றார். நாமும் பையனைக் கண்டித்தோம். புத்தகத்தை வாங்கி அலமாரியில் பூட்டினோம். கதைப் புத்தகத்தை அவன் விட்டுவிட்டான். ஆனால் பாடப் புத்தகத்தையும் அவன் விரும்பித் தொட்டதாக நமக்கு நினைவில்லை. அன்று செய்தது சரிதானா என்ற கேள்வி நம் மனத்தில் இன்றும் உண்டு. அதனால்தான் துப்பறியும் கதை எப்படிப் பிறக்கிறது என்பதை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம்.

நாம் கதையை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறோம். துப்பறியும் கதை எழுதுபவரோ பெரும்பாலும் கடைசிப் பக்கத்திலிருந்து யோசிக்கிறார். குற்றவாளி யார், எப்படிச் செய்தான், எந்தத் தடயத்தால் அகப்படுகிறான் என்பவற்றை முதலில் முடிவு செய்து கொள்கிறார். பிறகு பின்னோக்கி நடந்து வந்து கதையைத் தொடங்குகிறார்.

நம் தோட்டத்தையே எடுத்துக் கொள்வோம். ஸ்டோரிலிருந்து இரவில் ஒட்டுப்பால் மூட்டைகள் காணாமல் போயின என்று கற்பனை செய்வோம். லாரி ஓட்டுநரே திருடன் என்று எழுத்தாளர் முடிவு செய்கிறார். அவன் எப்படி அகப்படுவான்? "இரவு முழுவதும் லாரி இந்த மேட்டை விட்டு நகரவே இல்லை" என்கிறான். ஆனால் லாரியின் அடியில் மண் ஈரமாக இருக்கிறது. மழைக்கு முன்பிருந்தே லாரி அங்கே நின்றிருந்தால், அடியில் மண் காய்ந்தல்லவா இருக்க வேண்டும்?

சரி, இரவில் மழை பெய்தது என்பதை வாசகருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது ஏமாற்று. பளிச்சென்று சொன்னாலோ, வாசகர் உடனே கண்டுபிடித்து விடுவார். ஆகவே இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டி நடு இரவில் எழுந்து, நனையும் துணிகளை முணுமுணுத்துக் கொண்டே எடுக்கிறாள். நாம் பாட்டியின் முணுமுணுப்பைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்கிறோம். தடயம் நம் கண்முன்னேதான் கிடக்கிறது, நாம்தான் காணவில்லை. கூடவே இன்னொருவர் மேல் சந்தேகம் விழும்படி ஒரு பொய் வழியையும் எழுத்தாளர் வெட்டி வைக்கிறார்.

தமிழில் இந்தக் கலையில் பெயர் பெற்றவர்கள் பலர். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோர் முன்னோடிகள். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் இன்று சிறப்பாகச் சொல்ல விரும்புவது சுஜாதாவைப் பற்றி.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் பௌதிகமும், சென்னை குரோம்பேட்டையில் மின்னணுப் பொறியியலும் படித்தார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டார். ரா. கி. ரங்கராஜன் என்ற பெயரில் வேறொரு எழுத்தாளர் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று தம் மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக் கொண்டார்.

1968-ல் 'குமுதம்' இதழில் தொடராக வந்த 'நைலான் கயிறு' கதையில் கணேஷ் என்ற வழக்கறிஞரை அறிமுகப்படுத்தினார். பிறகு வசந்த் என்ற குறும்புக்கார இளைஞன் கணேஷுக்குத் துணையாக வந்து சேர்ந்தான். துணை எதற்கு? தனியாக யோசிப்பவனின் மனம் நமக்குக் கேட்காது. இருவர் வாதிட்டால், அந்த யோசனையை நாமும் கேட்கலாம். ஆங்கிலத்தில் ஷெர்லக் ஹோம்ஸுக்கு டாக்டர் வாட்சன் துணையிருப்பதும் இவ்வாறே. இந்தக் கணேஷ் நமக்கும் தூரத்து ஆள் அல்ல. லண்டனில் நடப்பதாகச் சுஜாதா எழுதிய 'ப்ரியா', 1978-ல் ரஜினிகாந்த் கணேஷாக நடித்துத் திரைப்படமானபோது, கதை ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூருக்கு வந்துவிட்டது.

1981-ல் வெளிவந்த 'கொலையுதிர் காலம்' இன்னும் சுவையானது. ஒரு பெரிய வீடு. இரவில் தோன்றும் உருவம். அது பேயா, மனிதன் செய்த வேலையா? லேசர் ஒளியால் ஒரு பொருளின் முழு வடிவத்தையும் பதிவு செய்து, எதிரில் நிற்பது போலக் காட்டும் ஹோலோகிராம் என்ற முறையைச் சுஜாதா இக்கதையில் கொண்டு வந்தார். ஹோலோகிராம் முறையைக் கண்டுபிடித்த டென்னிஸ் கேபர் 1971-ல் நோபல் பரிசு பெற்றார். பத்தே ஆண்டுகளில் அது தமிழ் வார இதழ் வாசகர்களின் வீட்டுக்கு வந்துவிட்டது. கதையின் முடிவை நாம் சொல்ல மாட்டோம். நீங்களே படித்துப் பாருங்கள்.

இது எப்படி முடிந்தது? படிப்பால்தான். சுஜாதா ஒரே வகை நூலைப் படித்தவர் அல்லர். புறநானூற்றுக்கும் ஆழ்வார் பாசுரங்களுக்கும் எளிய அறிமுக நூல்கள் எழுதினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். ஜப்பானிய ஹைக்கூவைத் தமிழருக்கு விளக்கினார். தாம் படித்தவற்றைப் பற்றிக் 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தில் பல ஆண்டுகள் எழுதி வந்தார். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட கொடுமையை வைத்து 'ஒரு லட்சம் புத்தகங்கள்' என்ற சிறுகதையும் படைத்தார். புத்தகம் போனால் என்ன போகிறது என்பதை அறிந்தவர் அவர். 2008-ல் மறைந்தார்.

பெற்றோர்களே, துப்பறியும் கதை எல்லாம் நல்ல கதை என்று நாம் சொல்லவில்லை. வயதுக்கு ஒவ்வாதவையும் உண்டு; பெரியவர்கள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் நல்ல துப்பறியும் கதை, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்குகிறது. அப்படிப் பழகிய பிள்ளை, அப்பாவின் சம்பளச் சீட்டில் வேலை நாட்கள் குறைந்திருந்தால், நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வந்தால், அடிவரை படித்துப் பார்ப்பாள். வாழைத் தோப்பில் பேய் என்றால், விளக்கோடு போய்ப் பார்ப்பான்.

ஆகவே உங்கள் பிள்ளை கதை படிக்கும்போது பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "யார் செய்திருப்பார் என்று நினைக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்து வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தடயத்தை ஒருவேளை நீங்களே முதலில் கண்டுபிடித்து விடுவீர்கள்.

அந்தப் பையனின் புத்தகம் இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது. பூட்டை மட்டும் எடுத்துவிட்டோம். இப்போது பிள்ளைகள் அதை முறை வைத்து வாங்கிப் படிக்கிறார்கள்.