வாடையோடு வண்ணமும் போய்விடும்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஊரிலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியமோ, தாத்தா காலத்து ரவி வர்மா சாமி படமோ அலமாரிக்குள் சில ஆண்டுகள் கிடந்தால் போதும், பூஞ்சை வாடை ஏறிவிடும். பூசையறைப் படமென்றால் சாம்பிராணிப் புகையும் சேர்ந்துகொள்ளும். கார்களிலும் ஹோட்டல் அறைகளிலும் சிகரெட் நாற்றத்தைப் போக்கும் ஓசோன் கருவியை இந்தப் படங்களுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு.

ஓசோன் என்பது மூன்று உயிர்வாயு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. 19ஆம் நூற்றாண்டில் அதைக் கண்டறிந்த ஷோன்பைன், ‘வாடை வீசுவது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். வாடையைப் போக்க வாங்கும் வாயுவுக்கு இப்படி ஒரு பெயர்!

அந்த மூன்றாவது அணு நிலையாக ஒட்டியிருப்பதில்லை. கரிம மூலக்கூறுகளில் இரு கரி அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால் ஓசோன் அங்கே பாய்ந்து பிணைப்பை அறுக்கும். வாடை தரும் பல மூலக்கூறுகள் இப்படித்தான் உடைகின்றன. சிக்கலும் இங்கேதான். சாயங்களுக்கு நிறம் தருவது வரிசையாக அமைந்த அதே இரட்டைப் பிணைப்புகள். எது நாற்றம், எது நிறம் என்று ஓசோனுக்குத் தெரியாது.

1980களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், தாளில் பூசிய இயற்கைச் சாயங்களை இருட்டில், ஓசோன் கலந்த காற்றில் 12 வாரங்கள் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், அவுரி நீலம், மஞ்சிட்டி வகைச் சிவப்பு ஆகியவை வெகுவாக வெளுத்தன. வெளிச்சமே படாமல் வெளுத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கலம்காரித் துணிகளின் வண்ணங்களும் அவுரியும் சாயவேரும்தான். சாயவேரின் சிவப்பு, மஞ்சிட்டி வகையைச் சேர்ந்த அலிசரின். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் உள்ள சோழமண்டலக் கரைத் துணிகளைப் பார்த்தவர்களுக்கு, வெளுத்தால் என்ன இழப்பு என்று புரியும்.

தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத் தகட்டுக்கும் கண்ணாடிக் கற்களுக்கும் ஓசோனால் ஒன்றும் ஆகாது. பசை, துணி, தாவரச் சாயம் ஆகியவை தப்பாது. எண்ணெய் ஓவியங்களில் வண்ணத்தைப் பிடித்திருக்கும் ஆளிவிதை எண்ணெயிலும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த புகைப்படங்களும் எளிதில் வெளுக்கும். போன நிறத்தை எந்தப் பாதுகாப்பு நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இத்தனைக்கும் பிறகு வாடை போகுமா? அப்போதைக்குப் போகும். பூஞ்சை இழைகளும் ஈரமும் படத்திலேயே இருப்பதால் மழைக்காலத்தில் திரும்பி வரும். மனிதர்களுக்கும் இது நல்லதல்ல. அமெரிக்கத் தொழிலிடங்களில் எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.1 பங்கு மட்டுமே. நாற்றத்தை ஒரேயடியாகப் போக்க முடுக்கப்படும் கருவி மூடிய அறைக்குள் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும். வீவக வீட்டில் கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து.

மெதுவான வழியே என் தேர்வு. முதலில் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் நாற்றம் பின்பக்க அட்டையிலிருந்துதான் வரும். அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு மூடியுள்ள பெட்டியில் படத்தையும், அதைத் தொடாதபடி ஒரு கிண்ணத்தில் கரித்துண்டுகளையும் சில வாரங்கள் வையுங்கள். செயலூட்டிய கரி இன்னும் நல்லது. நுண்துளைகளில் அது வாடை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், வண்ணத்தைத் தொடாது. சோடா உப்பைப் படத்தின்மேல் தூவ வேண்டாம்.

பஞ்சுபோல் பூஞ்சை தெரிந்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் சுண்ணப் பூச்சு தண்ணீரில் கரையும். அந்த நிலையில் ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுப்பதே சரி. திரும்பி வந்த படத்தைக் குளியலறைச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடிக்கும் இடத்தில் பூஞ்சை மறுபடி முளைக்கும்.