கலங்கலும் மணமும்

பீர் என்றால் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இந்த எண்ணம் வேரூன்றி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1842-இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் யோசெஃப் குரோல் உருவாக்கிய பொன்னிற பீர், மறுபக்கம் தெரிகிற கண்ணாடிக் கோப்பைகளில் உலகம் முழுக்கப் பரவியபோது, தெளிவே தரத்தின் அடையாளமாகிவிட்டது. தெளிய வைப்பதற்கு ஆலைகள் படாத பாடு பட்டன. மீனின் காற்றுப்பையை உலர்த்திக் கரைத்துப் பீப்பாயில் ஊற்றுவது பிரிட்டனின் பழைய முறை. இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் நெட்டி என்று தனியாக எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அதே காற்றுப்பைதான். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம், மிதக்கும் ஈஸ்ட் செல்களைப் பற்றிக்கொண்டு அடியில் போய்ப் படியும்.

இவ்வளவு பாடுபட்டுத் தெளிய வைத்த பானத்தை அமெரிக்க ஆலைகள் இப்போது வேண்டுமென்றே கலங்க விடுகின்றன. ஹேஸி ஐபிஏ, அதாவது மூட்டமான இந்தியா பேல் ஏல், என்பது அதன் பெயர். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது; பார்ப்பதற்கு ஆரஞ்சுச் சாறுதான். மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழம், கொய்யா, பம்பளிமாஸ் என்று வரிசையாக வாசனை வரும். பழம் எதுவும் சேர்ப்பதில்லை. தானியம், தண்ணீர், ஈஸ்ட், ஹாப்ஸ் என்ற பூக்கதிர் ஆகிய நான்கே பொருள்கள். மூட்டமும் மணமும் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனால் இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: ஹாப்ஸை அடுப்பில் கொதிக்க வைக்காமல், கடைசியில் குளிரக் கொட்டுகிற அந்த ஒரு செயலில்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் இதன் கதை தொடங்குகிறது. பர்லிங்டன் நகரில் 1988-இல் மதுவிடுதி திறந்த கிரெக் நூனன் ஓர் ஈஸ்ட் வகையைப் போற்றி வைத்திருந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜான் கிம்மிக் பிறகு வாட்டர்பரி என்ற சிற்றூரில் தி ஆல்கெமிஸ்ட் என்ற விடுதியை 2003-இல் தொடங்கினார். நூனனின் ஈஸ்டும் அவருடன் வந்தது. இன்று அதைக் கோனன் என்கிறார்கள். அடுத்த ஆண்டு கிம்மிக் உருவாக்கிய ஹெடி டாப்பர் என்ற பீர் வடிகட்டாமல், மூட்டத்தோடு வந்தது. 2011 ஆகஸ்ட்டில் ஐரீன் புயலின் வெள்ளம் அந்த விடுதியை அழித்தது. அதே வாரத்தில், வேறிடத்தில் கட்டியிருந்த ஆலையிலிருந்து முதல் டின்கள் வெளிவந்தன. டின்னிலிருந்தே குடியுங்கள் என்று அவற்றின்மேல் அச்சிட்டிருந்தது. 2018-இல் அமெரிக்க பீர் ஆலைகளின் சங்கம் இதைத் தனி வகையாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

அந்த மூட்டம் எதனாலானது? ஈஸ்ட் அடங்காததால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஈஸ்ட் செல் பெரியது, கனமானது. குளிர்பெட்டியில் சில நாள் வைத்தாலே அடியில் படியத் தொடங்கிவிடும். நல்ல ஹேஸி ஐபிஏயோ வாரக்கணக்கில் கலங்கியே இருக்கும். அதில் மிதப்பவை ஈஸ்டைவிட மிகச் சிறிய துகள்கள். தானியத்தின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனால்களும் கைகோத்து உருவானவை அவை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. பளபளப்பான மஞ்சள் மூட்டமாக நமக்குத் தெரிவது அதுதான்.

எல்லாப் புரதமும் இப்படிச் சேர்வதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்ல் சீபர்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது: புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்களே பாலிஃபீனாலோடு ஒட்டுகின்றன. புரோலின் வந்த இடத்தில் புரதச் சங்கிலி இறுக்கமாகச் சுருண்டுகொள்ள முடியாமல் விரிந்து நிற்கிறது. பாலிஃபீனால் வந்து ஒட்ட அங்கே இடம் கிடைக்கிறது. பார்லியின் ஹார்டீன் அத்தகைய புரதம். கோதுமையிலும் ஓட்ஸிலும் அதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. பாக்கை மென்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அங்கே நடப்பதும் இதே வேதியியல்தான். நம் உமிழ்நீரிலும் புரோலின் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. பாக்கின் டானின்கள் என்ற பாலிஃபீனால்கள் அவற்றைப் பற்றித் திரள வைப்பதால் வாயின் வழவழப்பு போய்த் துவர்க்கிறது.

சீபர்ட் சொன்ன இன்னொன்று, அளவு. புரதமும் பாலிஃபீனாலும் தக்க விகிதத்தில் இருந்தால்தான் கலங்கல் உச்சத்தை எட்டும். கோதுமையைக் கூட்டிக்கொண்டே போனால் மூட்டமும் கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்ப்போம். ஓர் அளவைத் தாண்டினால் குறையத்தான் செய்கிறது. ஆகவே மைதாவைக் கரைத்து ஊற்றிக் கலக்குகிற குறுக்குவழி என்னைப் பொறுத்தவரை வெறும் ஒப்பனை. ஹாப்ஸின் பங்கு இல்லாத கலங்கல் அது.

ஈஸ்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, எதிர்பாராத விதத்தில். சில ஈஸ்ட் வகைகள் நொதித்துக்கொண்டிருக்கும்போது ஹாப்ஸைப் போட்டால் மூட்டம் நிலைத்துவிடுகிறது. வேறு வகையை வைத்து அதே தானியம், அதே ஹாப்ஸ் போட்டாலும் பீர் தெளிந்துவிடுகிறது. இதற்குப் பின்னால் உள்ள ஒரு மரபணுவை அண்மையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை நீக்கினால் மூட்டம் தரும் ஈஸ்ட் அந்தக் குணத்தை இழக்கிறது.

இனி மணம். ஹாப்ஸ் ஒரு கொடி. கஞ்சாச் செடியின் குடும்பம். பெண்கொடியின் பூக்கதிர்தான் பீருக்குப் போகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் அறுவடைக் காலத்தில் பீர் ஆலைக்காரர்கள் வந்து, உலர்ந்த கதிர்களை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்துதான் வாங்குகிறார்கள். கதிரைப் பிய்த்தால் காகிதம்போன்ற பச்சை இதழ்கள். அவற்றின் அடியில் மஞ்சள் பொடி. அந்தப் பொடி கையில் பிசினாக ஒட்டும். லுபுலின் என்ற அந்தப் பொடியில் கசப்புக்கான ஆல்ஃபா அமிலமும் மணத்துக்கான எண்ணெயும் இருக்கின்றன. கதிரின் எடையில் எண்ணெய் பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு.

அந்த எண்ணெயில் இருப்பவை நமக்குப் பழகியவை. மாங்காயில் மணக்கிற மிர்சீன், மல்லி விதையின் லினலூல், மிளகில் இருக்கும் கேரியோஃபிலீன், ரோஜாவின் ஜெரானியால். ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். எண்ணெயோ ஆவியோடு போய்விடும். பழைய ஐபிஏயின் கடும் கசப்பு அப்படி வந்தது. லண்டனிலும், 1820-களிலிருந்து பர்ட்டன் நகரிலும் வடித்து, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நம் மதராஸ் துறைமுகத்துக்கும் கப்பலேற்றிய பீர் அது; பெயரிலுள்ள இந்தியா அதனால் வந்தது. பர்ட்டனின் கிணற்று நீரில் சல்ஃபேட் மிகுதி, அது கசப்பைக் கூர்மையாக்கும். ஹேஸி ஐபிஏ ஆலைகள் தண்ணீரில் குளோரைடைக் கூட்டுகின்றன. சுவை வழவழவென்று அமைகிறது. ஹாப்ஸில் பெரும்பகுதியைக் கொதித்த தானியச் சாறு ஆறத் தொடங்கிய பிறகும், நொதிக்கும் தொட்டியிலும் போடுகின்றன. நொதிக்கும் தொட்டியில் போடுவதை ட்ரை ஹாப்பிங் என்கிறார்கள். லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம்கூடப் போடுகிறார்கள். கசப்பு அடங்கி, எண்ணெய் அப்படியே தங்கிவிடுகிறது. கூடவே ஹாப்ஸின் பாலிஃபீனால்களும் ஏராளமாக இறங்கி, காத்திருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்கின்றன. மணமும் மூட்டமும் ஒன்றாகப் பிறப்பது இப்படித்தான். மூட்டமும் சும்மா இருப்பதில்லை: இத்தகைய பீரை வடிகட்டினால் நீரில் எளிதில் கரையாத மிர்சீனும் குறைந்துபோகிறது.

கொய்யா, பம்பளிமாஸ் வாசனைக்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. கந்தகம் சேர்ந்த தையோல் என்ற மூலக்கூறுகள் அதைவிட வலிமையானவை. 4எம்எம்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரே ஒரு கிராம் ஐம்பது கோடி லிட்டருக்குப் போதும். அளவாக இருந்தால் பிளாக்கரன்ட் பழத்தின் மணம். மிஞ்சினால் பூனை மூத்திர நாற்றம். சிட்ரா, மொசைக், சிம்கோ போன்ற அமெரிக்க ஹாப்ஸ் வகைகளின் புகழில் இதற்குப் பங்குண்டு.

ஐரோப்பிய ஹாப்ஸில் இது ஏன் இல்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடியபோது விடை தோட்டத்தில் கிடைத்தது. அங்கே அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தம் கலந்த மருந்துகளைத் தெளிக்கிறார்கள், நம் விவசாயிகளின் போர்டோ கலவையைப் போல. அதிலுள்ள தாமிரம் தையோலைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கொடியைக் காத்த மருந்து மணத்தைத் தின்றுவிட்டது.

ஹாப்ஸை அள்ளிக் கொட்டினால் மணம் கூடிக்கொண்டே போகுமா? ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் லஃபோன்டைனும் தாமஸ் ஷெல்ஹாமரும் கேஸ்கேட் வகை ஹாப்ஸை வைத்துச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் எலுமிச்சை, ஆரஞ்சு மணம் அதற்கேற்பக் கூடவில்லை. தழை வாசனையும் தேயிலை வாசனையும் மேலோங்கின. கண்மூடித்தனமாகக் கொட்டும் ஆலைகள் விலையுயர்ந்த ஹாப்ஸை வீணாக்குகின்றன என்பதே இதற்குப் பொருள் என்று நினைக்கிறேன்.

வேறொரு தொல்லையும் உண்டு. ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் இருப்பதை ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் 1893-இலேயே எழுதிவைத்தார்கள். நொதித்து முடிந்த பீரில் ஹாப்ஸ் விழுந்ததும், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட நீள் சர்க்கரைகளை அந்த நொதிகள் துண்டாக்கிக் கொடுக்கின்றன. ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. டின்னுக்குள் அடைத்த பிறகு இது நடந்தால் அழுத்தம் ஏறி டின் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

எல்லாவற்றிலும் பெரிய பகை ஆக்சிஜன். அடைக்கும்போது கொஞ்சம் காற்று புகுந்தாலும் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மஞ்சள் நிறம் பழுத்துப் பழுப்பாகிறது. ஹாப்ஸ் கொண்டுவரும் மாங்கனீசு அதை விரைவுபடுத்துகிறது. தையோலும் உடன் அழிகிறது. ஆகவே இந்த பீரைக் குளிரிலேயே வைத்துச் சில வாரங்களுக்குள் விற்றுவிட வேண்டும்.

ஆய்வு இப்போது தானியத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. கொய்யா மணம் தரும் 3எம்எச் என்ற தையோல், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலேயே ஏராளமாக இருக்கிறது. சிஸ்டீன், குளூட்டாதையோன் ஆகியவற்றோடு பிணைந்திருப்பதால் மணக்காமல் கிடக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியை ஈஸ்டின் ஐஆர்சி7 என்ற மரபணு உருவாக்குகிறது. பெரும்பாலான பீர் ஈஸ்டுகளில் அது சரியாக வேலை செய்வதில்லை. அதை முழுவீச்சில் இயங்க வைத்த ஈஸ்டுகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றைப் போட்டால், கடைசியில் ஒரு கைப்பிடி ஹாப்ஸ்கூடப் போடாத பார்லி பீரும் கொய்யாவாய் மணக்கிறது.